காற்றுக் குழாயும் வைட்டமின் மாத்திரையும்

விடிகாலை நான்கரைக்கே மாவு மூட்டை பிரிக்கத் தொடங்கிவிடுவோம். வெளியே சிகாகோவின் ஜனவரிக் குளிர், உள்ளே ரொட்டி அடுப்பின் அனல். ஐம்பது பவுண்டு மூட்டையைத் தோளில் தூக்கித் தொட்டியில் கவிழ்த்தால், எழும் மாவுத் தூசு இமையிலும் மூக்கிலும் அப்பிக்கொள்ளும். அதை உறிஞ்சும் விசிறி கெட்டு ஐந்து மாதம்.

போதாக்குறைக்கு, எந்திரத்தில் ஒட்டிய மாவைக் காற்றுக் குழாயால் ஊதித் தள்ளுவோம். ஐந்தே நிமிட வேலை. அதே குழாயால் ஒருவர் சட்டையை ஒருவர் ஊதிவிட்டுச் சிரிப்போம். எங்கள் நெஞ்சுக்கு நாங்களே வைத்த கொள்ளி அது.

எங்களில் எவ்லாலியாவுக்கு இந்த மாவால்தான் ஆஸ்துமா. போன வாரம் உதடு நீலம் பாரித்து விழுந்தாள். அவள் வேலைக்குத் திரும்பி வந்த அன்று, முதலாளி எவரிஸ்தோ பெரிய புட்டி ஒன்றோடு வந்தார்.

"ஆளுக்கொண்ணு முழுங்குங்க. வைட்டமின் டி. நுரையீரல் வீக்கத்தை அமுக்கிடுமாம், பேப்பர்ல போட்டிருக்கான்."

"விசிறி, மொதலாளி?" என்றேன்.

"பாக்கலாம் தொமாசா. நெஞ்சு தாங்காதவங்க வீட்ல இருங்க. நான் யாரையும் கட்டி வைக்கல."

எவ்லாலியா மாத்திரையை உள்ளங்கையில் உருட்டினாள். "டாக்டரம்மாவும் இதைத்தான் குடுத்தாங்க. என் ரத்தத்துல இது கம்மியாம். போட்டா வீக்கம் கொஞ்சம் அடங்கலாம், அடங்காமலும் போகலாம்னாங்க. மாவைத் தின்னுக்கிட்டே மாத்திரை தின்னா என்ன பிரயோசனம்னும் கேட்டாங்க. அதைப் பேப்பர்ல போடலையா?"

"விசிறிக்கும் ஒண்ணு குடுத்துப் பாருங்க மொதலாளி, சுத்தினாலும் சுத்தும்" என்றான் அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் நிக்கானோர்.

முதலாளி முகம் கறுத்தது. "எவ்லாலியா, குழாயை எடுத்து ஊது. இல்லன்னா கெளம்பு."

குழாயை நான் எடுத்தேன். வால்வை மூடி, கழற்றிச் சுருட்டி அவர் காலடியில் வைத்தேன். நிக்கானோர் துணியை வாளியில் நனைத்து, தூசு எழாதபடி எந்திரத்தைத் துடைக்கத் தொடங்கினான். ஒவ்வொருவராக வாளிக்கு வந்தார்கள்.

"துடைச்சு முடிக்க ஒரு மணி நேரமாகும். ரொட்டி நிக்குமே?" என்றார் முதலாளி.

"நிக்கட்டும். விசிறி சுத்துற வரைக்கும் தினமும் நிக்கும்" என்றாள் எவ்லாலியா.

"பதினோரு பேரையும் அனுப்பிடுவேன்."

"அனுப்புங்க. மூட்டையை நீங்களே தூக்குங்க. மாத்திரைதான் புட்டி நெறைய இருக்கே."

அவர் அறைக்குள் போய்த் தொலைபேசியை எடுத்தார். விசிறிக்காரனைக் கூப்பிட்டாரா, வேறு ஆட்களைக் கூப்பிட்டாரா, தெரியாது. எவ்லாலியா மாத்திரையை விழுங்கிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். அவள் மூச்சு இன்னும் விசிலடித்தது. என் துணியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்; இருவருமாகப் பிழிந்தோம்.