ஏறட்டுமா, அக்கா?

...எச்சரிக்கை, எச்சரிக்கை, மறுபடி எச்சரிக்கை, ஓடட்டும், எச்சரிக்கைதானே, பிழை இல்லையே, இதற்கெல்லாம் நின்று பதில் சொல்லிக்கொண்டிருந்தால் உலகத்தில் ஒரு மென்பொருளையும் கட்டி முடிக்க முடியாது என்று அவள் நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். திரையில் வரிகள் மேலே மேலே ஓடின. இது மூன்றாவது கணினி, மூலையில் கிடக்கும் பழைய பெட்டி, அலுவலகத்தில் எல்லோரும் முரடன் என்று கூப்பிடுவார்கள், மற்ற இரண்டு கணினிகளில் சொன்ன பேச்சைக் கேட்ட அதே மூல நிரல் இதற்குள் வந்ததும் அடம்பிடித்தது, அந்தக் கோப்பு எங்கே என்றது, இந்தக் கட்டளை தெரியாது என்றது, காலையிலிருந்து கெஞ்சியும் திட்டியும் இவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். ரெடிமேட் சட்டை மாதிரி கிடைத்தால் எடுத்து மாட்டிவிட்டுப் போயிருக்கலாம், இங்கே மூன்று கணினியும் மூன்று தினுசு, ஒவ்வொன்றுக்கும் அளவெடுத்துத் தைக்க வேண்டியிருக்கிறது... தைத்து முடித்துவிட்டால் நிம்மதி. நிம்மதி என்று நினைத்ததுமே எதையோ மறந்த மாதிரி இருந்தது. ஏன்? காலையில் சரியாகச் சாப்பிடவில்லை, அதுதான், வேறென்ன இருக்கப்போகிறது.

"ஆச்சாம்மா?" கண்ணாடிக் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினார் மேலாளர். எதைக் கேட்டாலும் ஆச்சா என்றே கேட்பதால் அவருக்கு ஆச்சா என்றே பெயர், அது அவர் ஒருவருக்குத்தான் தெரியாது. ஆயிட்டே இருக்கு சார் என்றாள். மத்த ரெண்டும் ஆச்சுல்ல? அது போன வாரமே ஆச்சு சார். தலை மறைந்தது. போன வாரமே ஆச்சு... எவ்வளவு சுளுவாக வாயில் வருகிறது. ஆகத்தானே ஆயிற்று, பின்னே என்ன, இந்த மனுஷன் கேட்டாலே செய்து முடித்த வேலையும் செய்யாத மாதிரி தோன்றிவிடுகிறது. லிப்ட்டை ஓட்டும் நிரல்களை எழுதுகிற கம்பெனி இது, யார் எந்த வரியை எப்போது மாற்றினார்கள் என்று காபந்து பண்ணி வைப்பதற்கு ஒரு மென்பொருள், ஒரே நிரலில் இரண்டு பேர் கை வைத்தால் இரண்டு பேருடையதையும் சேர்த்து ஒன்றாக்கித் தருவதும் அதுதான், இத்தனை வருஷமாக அதை நம்பித்தான் பிழைப்பே ஓடியது. அப்படிப்பட்டது ஒருவருடைய வரிகளை எப்போதாவது விழுங்கிவிடும் என்று யாருக்குத் தெரியும்? சத்தம் கிடையாது, ஓர் எச்சரிக்கை கிடையாது, சேர்த்தாயிற்று என்று சமர்த்தாகச் சொல்லும், உள்ளே பார்த்தால் நாலு வரி இருக்காது. போன மாதம் அப்படிக் காணாமல் போனது பிரேக் பிடிக்கும் வரிகள். நல்லவேளை, பரிசோதனைக் கூடத்து லிப்ட், உள்ளே ஆளுக்குப் பதிலாக மணல் மூட்டைகள். அவளும் போய்ப் பார்த்தாள். மூட்டைகள் வாய் பிளந்து கிடந்தன, கதவை நெம்பித் திறந்ததும் மணல் சரிந்து அவள் செருப்புவரை வந்தது, யாரோ ஒருத்தர், மணல்தானே, கூட்டி அள்ளிடலாம் என்றார், யாரும் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகுதான் இந்த வேலை, கோளாறைச் சரிசெய்த புதிய பதிப்பை மூன்று கணினிகளிலும் நீயே கட்டி நிறுவு என்று.

புதிய பதிப்பு வந்த தைரியத்தில் முந்தாநாள் இரண்டு பொறியாளர்களுடைய வேலையைச் சேர்த்து ஒரே நிரலாக்கித் தம்பியிடம் கொடுத்தனுப்பியாயிற்று. அவன் இதே கம்பெனியில் லிப்ட் பொருத்துகிற ஆள். இன்றைக்கு அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில், லிப்ட் கூண்டுக்கு உள்ளே இல்லை, கூண்டின் கூரைமேல் நின்றுகொண்டு மெதுவாக ஓட்டிப் பார்க்க வேண்டும், புது நிரல் போட்டால் முதலில் அப்படித்தான். காலையில் போன் பண்ணினான். அக்கா, ஏறட்டுமா? ஏறு என்றாள். அப்போது அவள் முரடனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள், தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன், ஏறுடா என்று சொல்லி வைத்துவிட்டாள். சின்ன வயதிலிருந்தே இப்படித்தான், மதில்சுவர், மாமரம், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி, எதைக் கண்டாலும் ஏறியாக வேண்டும் அவனுக்கு, ஆனால் ஏறுவதற்கு முன்னால் கீழே நின்று, அக்கா ஏறட்டுமா என்று ஒரு குரல் கொடுப்பான், அவள் ஏறு என்றால்தான் காலைத் தூக்குவான். ஒரு தடவைகூட விழுந்ததில்லை. அக்கா வாய் ராசிடா என்று கூட்டாளிகளிடம் பீற்றிக்கொள்வான். அம்மாகூட, அவ சொன்னா சரியாத்தான் இருக்கும் என்று உள்ளே போய்விடுவாள்... கல்யாணமாகி ஒரு பிள்ளைக்கு அப்பனான பிறகும் கேட்கிறான், மனைவி சிரிப்பாளாம், உங்க அக்கா என்ன சாமியா என்று. சாமி இல்லைதான். வேறென்ன? ஒரு புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு... அதை விடு, இப்போது எதற்கு அது.

ஓட்டம் நின்றது. பிழை ஒன்றும் இல்லை. அடேயப்பா, முரடனே, கடைசியில் வழிக்கு வந்தாயா! நிறுவு என்று கட்டளை கொடுத்தாள், கடகடவென்று நிறுவி முடித்தது, உன் பதிப்பு எண் என்ன என்று அங்கேயே கேட்டாள், புதிய எண்ணைச் சொன்னது. மற்ற இரண்டிலும் இப்படித்தான் கேட்டாள், இப்படித்தான் சொன்னது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தபோது துப்புரவுக்காரம்மா முரடனின் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார், துணி விசைப்பலகையில் பட்டு, திரையில் அவள் திறந்து வைத்திருந்த ஜன்னல் மூடிக் கிடந்தது. ஐயோ பாப்பா, ஏதாச்சும் கெட்டுப்போச்சா? அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. புதிய ஜன்னல் ஒன்றைத் திறந்தாள், சும்மா, கை அரிப்பு என்றுகூடச் சொல்லலாம், பதிப்பு எண்ணை இன்னொரு முறை கேட்டாள். பழைய எண் வந்தது. தப்பாக அடித்துவிட்டோமோ? மறுபடி கேட்டாள். பழைய எண். அதெப்படி? இப்போதுதானே... இப்போது எங்கே நின்று கேட்கிறாய்? முன்னே எங்கே நின்று கேட்டாய்? முன்னே, கட்டிய கோப்புறைக்குள்ளேயே நின்று, அங்கே கட்டி முடித்துக் கிடந்ததையே கூப்பிட்டு நீ யார் என்று கேட்டிருக்கிறாள், அது தன்னைப் புதியது என்று சொல்லாமல் வேறென்ன சொல்லும்? வெளியிலிருந்து கேட்டால் பதில் சொல்வது பழையதுதான், புதியதை வேறோர் இடத்தில் வைத்தாயிற்று, கணினி முதலில் போய்த் தேடுகிற இடத்தில் பழையது அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. தையற்கடையில் தொங்குகிற சட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து, உடம்பில் புதுச்சட்டை என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறாள். முரடனில் மட்டும்தானா... மற்றதிலும் அப்படித்தானே கேட்டாய், பாவி, மற்றதிலும் அப்படியேதானே கேட்டாய்.

அறையின் மறுகோடியில் இருந்தது முதல் கணினி, வேலைகளைச் சேர்க்கிற கணினி. ஓடினால் எல்லோரும் பார்ப்பார்கள் என்று நடந்தாள். அதில் உட்கார்ந்திருந்த பையனை, கொஞ்சம் எழுந்திரு என்றாள், என்ன மேடம், முகமெல்லாம் ஒரு மாதிரி இருக்கு என்றான், எழுந்திருடா. புதிய ஜன்னல். கேட்டாள். பழைய எண். முந்தாநாள் இரண்டு பேருடைய வேலையையும் சேர்த்துக் கொடுத்தது இதுதான், சேர்த்தாயிற்று என்று சமர்த்தாகச் சொன்னதும் இதுதான். எந்த வரிகளை விழுங்கியது? எதையுமே விழுங்காமலும் இருக்கலாம், எப்போதாவதுதானே விழுங்கும், எப்போதாவதுதான், இன்றைக்கு ஏன் அந்த எப்போதாவது... தம்பிக்குப் போன் போட்டாள், அடித்துக்கொண்டே இருந்தது, அவன் எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். சுரங்கம் மாதிரி இருக்கிற அந்த லிப்ட் குழிக்குள் மோட்டார் இரைச்சலில் போன் சத்தம் கேட்காது, கேட்காதுதான், அதனால்தான் எடுக்கவில்லை. மணல் சரிந்து செருப்புவரை வந்தது. கூட்டி அள்ளிடலாம். சீ, வாயைக் கழுவு.

"சொல்லுக்கா." எங்கேடா இருக்கே? "கூண்டு மேலதான். ஏறச் சொல்லிட்டு எங்கேன்னு கேக்கறியே." குரல் எதிரொலித்தது. உள்ள யாராவது இருக்காங்களா? "யாரும் இல்ல, நான் மட்டும்தான். அஞ்சாவது மாடிக்கும் ஆறாவது மாடிக்கும் நடுவுல நிக்கிறேன். இப்பதான் நிறுத்தினேன், கொஞ்சம் வழுக்கின மாதிரி இருந்துச்சு, அப்புறம் நின்னுடுச்சு." வழுக்கின மாதிரி. எதையும் தொடாதே என்றாள், எதையும் அசைக்காதே. "ஏன்க்கா, என்னாச்சு?" ஒண்ணும் இல்லடா. ஒன்றும் இல்லை என்று சொல்லும்போதே கை நிரலைத் திறந்துவிட்டது, எவ்வளவு நீளம், பிரேக் பகுதி எங்கே, இதோ, இல்லை இது கதவு, இன்னும் கீழே. "இங்கேருந்து எந்த மாடிக் கதவும் எட்டலக்கா, கீழ போனாத்தான் வெளிய வர முடியும். சொல்லு, இறக்கட்டுமா?" இறக்கு என்ற சொல் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது, பழக்கம், கேட்டால் உடனே வந்துவிடும். பல்லைக் கடித்துக்கொண்டாள். இரு, பாத்துட்டுச் சொல்றேன்.

அந்தப் பக்கம் சிரிப்பு கேட்டது. "என்னக்கா புதுசா பாத்துட்டுச் சொல்றேங்கறே? இத்தனை நாளும் பாத்துட்டுத்தானே சொன்னே?"

பிரேக் பகுதி வந்துவிட்டது, எழுத்துகள் கலங்கின, திரையில் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக, எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளை மாதிரி, படித்துக்கொண்டு போனாள். அக்கா, லைன்ல இருக்கியா? இருக்கேன்டா. மதில்சுவர் நினைவிருக்கிறது, அதன் உச்சியில் பதித்திருந்த கண்ணாடிச் சில்லுகூட நினைவிருக்கிறது, மாமரம், தொட்டி, மடியில் இருந்த புத்தகத்தின் மடங்கிய ஓரம், அவன் குரல், தன் குரல், எல்லாம் இருக்கின்றன. எங்கேயும் அவன் ஏறுவது மட்டும் இல்லை. ஒருநாள்கூடவா நிமிர்ந்து பார்க்கவில்லை? ஒரே ஒரு நாள்? தேடித் தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை. விரல் அடுத்த வரிக்கு இறங்கியது.