பன்னிரண்டு நாற்காலிகள்

நகரப் பொது நூலகக் கட்டடம் பண்ணையார் செல்லதுரையின் தமிழ்ப்பற்றால் எழுந்தது என்று ஆண்டு விழா மலரில் அச்சாகியிருக்கிறது. அந்தப் பற்று ஒரு சனிக்கிழமை உண்டானது. வெள்ளிக்கிழமை வரை அந்தக் கட்டடம் நெல் களஞ்சியம். நில உச்சவரம்புச் சட்டத்தில் தரும காரியத்துக்கு விலக்கு உண்டு என்று வக்கீல் சொன்னதும், நாற்பது ஏக்கரும் களஞ்சியமும் நூலக அறக்கட்டளைக்குப் போயின. காரியஸ்தர் அரசப்பன் நூலகரானார்.

செவ்வாய்க்கிழமை தாசில்தார் பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. நூலகம் பொய் என்று அவர் எழுதிவிட்டால் நிலம் போகும்; அன்றைக்கே அரசப்பன் குடியிருக்கும் பண்ணை வீடும் போகும். இதைப் பண்ணையார் சாப்பிட்டுக்கொண்டே நிதானமாகச் சொன்னார். அரசப்பனுக்குத்தான் மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. பழைய புத்தகங்களை மூட்டையாக வாங்கி அடுக்கினார். கல்யாண மண்டபத்திலிருந்து பன்னிரண்டு நாற்காலி கொண்டுவந்தார். 'காலை எட்டு முதல் மாலை ஆறு வரை, அனைவரும் வருக' என்று பலகையைத் தன் கையாலேயே எழுதினார். வாசகர்கள் வேண்டுமே? நடவுக்குப் போக இருந்த பன்னிரண்டு பெண்களைத் திருப்பி அழைத்துவந்தார்.

ஒன்றை மட்டும் மறந்துவிட்டார்.

தாசில்தார் பண்ணையாரோடு உள்ளே நுழைந்தபோது நாற்காலிகள் பன்னிரண்டும் காலி. பெண்கள் அவற்றின் காலடியில், மடியில் செய்தித்தாளோடு குந்தியிருந்தார்கள். பண்ணையார் இருக்கும் இடத்தில் அவர்கள் நாற்காலியில் உட்கார்ந்த வழக்கமில்லை. அவர்களைப் பெற்றவர்களுக்கும் இல்லை.

தாசில்தார் காரணம் கேட்டார். தரை குளிர்ச்சி என்றார் அரசப்பன். சொல்லும்போதே காதோரம் வியர்வை வழிந்தது. மேலே ஏறு என்று, முன்னால் குந்தியிருந்த நீலாம்பாளைக் கண்ணால் கெஞ்சினார். அவள் பண்ணையாரைப் பார்த்தாள். தாசில்தார் பேனா மூடியைக் கழற்றினார்.

பண்ணையார் செருமினார். நாற்பது ஏக்கரும் தொண்டையில் அடைத்துக்கொண்டதுபோல இருந்தது.

"நாற்காலியில உட்காருங்க."

உட்கார்ந்தார்கள். தாசில்தார் எழுதிக்கொண்டார். இனி சொல்லாமல் கொள்ளாமல் வந்து பார்ப்பேன் என்று ஜீப்பில் ஏறினார். புழுதி அடங்குவதற்குள், இதுகளைக் கிளப்பு என்று அரசப்பனிடம் உறுமிவிட்டுப் பண்ணையாரும் போனார்.

அரசப்பன் கை தட்டினார். பதினோரு பேர் எழுந்தார்கள்.

"ஏந்திரி நீலாம்பா."

"ஆறு மணி வரைக்கும்னு போர்டுல போட்டிருக்காமே காரியஸ்தரய்யா, எம்மவ வாசிச்சுச் சொன்னா. அந்த ஆபீசர் திரும்பி வந்தா யாரைக் காட்டுவீங்க?"

எழுந்தவர்கள் ஒவ்வொருவராக மறுபடி உட்கார்ந்தார்கள்.

கிளப்பினால் தாசில்தாரால் வீடு போகும், கிளப்பாவிட்டால் பண்ணையாரால். அறுவடைக்கு நாலு மாதம்தான், அப்புறம் நெல்லை எங்கே கொட்டுவது? அரசப்பன் உட்கார்ந்து யோசிக்கலாமென்று சுற்றிலும் பார்த்தார்.

ஒரு நாற்காலிகூடக் காலியில்லை.