இன்டர்வெல் அப்பாவோட கடைசி வசனம்

எல்லாரும் எப்படி இருக்கீங்க? உடம்பெல்லாம் தேவலையா? முட்டி வலிக்காரங்க காலை நல்லா நீட்டி உக்காந்துக்கோங்க. இது சிரிக்கிற கதை இல்ல. நடுவுல எங்கயாவது சிரிப்பு வந்துட்டா சிரிச்சுக்கோங்க, தப்பில்ல.

ஒரு நடிகர் இருந்தார். ஹீரோவும் இல்ல, வில்லனும் இல்ல. யாருக்காவது அப்பாவா வருவார், பாதிப் படத்துல செத்துப் போவார். அவர் கண்ணை மூடினதும் திரையில 'இடைவேளை'ன்னு விழும். அதனால ஜனங்க வெச்ச பேரு இன்டர்வெல் அப்பா. அவர் லேசா இருமினாலே பின் சீட்டுக்காரன், கேன்டீன்ல கூட்டம் சேர்றதுக்குள்ள போயிடலாம் வாங்கப்பான்னு சொல்வானாம். ஆனா ஒருத்தனும் எழுந்திருக்க மாட்டான். அவ்வளவு அழகா சாவார் மனுஷன்.

நிஜமா செத்தது போன மாசம், ஆஸ்பத்திரியில. பக்கத்துல இருந்தது ஒரே மக.

அந்த மக அப்பா படம் ஒண்ணைக்கூட முழுசா பார்த்ததில்ல. சின்னப் பிள்ளையா இருக்கும்போது ஒரு தடவை தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போனாங்க. திரையில அப்பா ரத்தம் கக்கி விழுந்ததும் அது கத்தின கத்துல படத்தையே நிறுத்திட்டாங்க. அப்பா பக்கத்து சீட்லதான் உக்காந்திருந்தார். இதோ இருக்கேன் குட்டி, தொட்டுப் பாருன்னு கையைப் பிடிச்சுக் கன்னத்துல வெச்சுக்கிட்டார். நம்பலையே. வீட்டுக்கு வந்து காய்ச்சல் வேற. அன்னிக்குப் போட்ட சட்டம்தான், அந்த வீட்ல அவர் படம் ஓடக் கூடாது, அதைப் பத்திப் பேச்சும் எடுக்கக் கூடாது. அவ வளர்ந்து, கண்ணாடிக் கடையில வேலைக்குச் சேர்ந்து, கல்யாணம் ஆகி, அம்மாவும் போய்ச் சேர்ந்தாங்க. சட்டம் மட்டும் அப்படியே நின்னுச்சு. ஊருக்கே மனப்பாடமான அப்பாவை இவளுக்குத் தெரியாது. இவளுக்குத் தெரிஞ்சவர், ஷூட்டிங் முடிஞ்சு அசந்து வந்து, சாப்பிட்ட கையோட தூங்கிடற ஒரு ஆள். வீட்ல வாயே திறக்க மாட்டார்.

அதனாலதான் அந்தச் சாயங்காலம் அவளுக்கு அவ்வளவு பெரிசா போச்சு. நாலஞ்சு நாளா பேச்சில்லாம கிடந்தவர் கண்ணைத் திறந்து இவளையே பார்த்தார். உதடு மட்டும் சத்தமில்லாம அசைஞ்சுது. ஏதோ வேண்டிக்கறார்னு நினைச்சா. அப்புறம், தெளிவான குரல்.

"விளக்கை அணைச்சிடாத கண்ணு." ஒரு சின்ன இருமல். "நான் வரும்போது வாசல் இருட்டா இருக்கக் கூடாது."

சொல்லிட்டு இவ தோளுக்கு மேல பார்த்தார். அங்க யாரோ நிக்கற மாதிரி, அவங்க ஏதோ சொல்லுவாங்கங்கற மாதிரி. இவ திரும்பிப் பார்த்தா, சலைன் ஸ்டாண்டும் சுவரும்தான். இந்தப் பக்கம் திரும்பறதுக்குள்ள போயிட்டார்.

அன்னியிலேர்ந்து இவ வீட்டு வாசல் பல்பு ராத்திரி பகல்னு எரியுது. துக்கம் கேக்க வந்தவங்க கிட்டயெல்லாம் அந்த வார்த்தையைச் சொன்னா. கேட்டவங்க ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. ஆமாம்மா, ஆமாம்மான்னு கையைத் தட்டிக் கொடுத்துட்டுக் கிளம்பினாங்க. வீட்டுக்காரர்கிட்டதான் முதல்ல சொன்னா. அன்னிக்கு ஆஸ்பத்திரி ரூமுக்கு ஃபிளாஸ்க்கும் கையுமா வந்து நின்னவர், என்னமோ சொல்ல வந்தார். அப்புறம், சரி, அணைக்க வேணாம்னு சொல்லிட்டு வெளிய போயிட்டார்.

ரசிகருங்க எல்லாம் சேர்ந்து ஒரு கூட்டம் போட்டாங்க. இரும்புக் கடை மாடியில ஒரு ஹால், பிளாஸ்டிக் சேர், பெரிசு பண்ணின போட்டோ, கரகரங்கற மைக். கடைசியில மக பேசணும்னு ஏற்பாடு. மேடை ஏறிப் பழக்கமில்லாதவ. கடையில ஆள் இல்லாத நேரம் கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பார்த்துக்கிட்டா. எங்கப்பா எல்லா வார்த்தையையும் உங்களுக்குக் கொடுத்தார், ஒண்ணே ஒண்ணு எனக்குன்னு வெச்சிருந்தார். அதை மட்டும் சொல்லிட்டு இறங்கிடலாம். அப்பாகிட்டேர்ந்து அவளுக்குன்னு கிடைச்ச சொத்து அதுதானே.

கூட்டம் நல்லாத்தான் ஆரம்பிச்சுது. ஒரு பஸ் கண்டக்டர், தன்னோட அப்பா செத்தப்ப கண்ணீரே வரலைன்னும், இவர் படத்துல செத்தப்பதான் ரெண்டு அப்பாவுக்கும் சேர்த்து அழுதேன்னும் சொன்னார். அப்புறம் முடிவெட்டறவர் ஒருத்தர் எழுந்தார். எதையும் ரெண்டு தடவை சொல்ற ஆளு, அதனால பேரே ரீடேக். ஐயாவோட பெரிய சீனைச் செஞ்சு காட்டறேன், செஞ்சு காட்டறேன்னார். மூணு சேரைச் சேர்த்துப் போட்டுப் படுத்துக்கிட்டார்.

ரீடேக்கோட உதடு சத்தமில்லாம அசைஞ்சுது.

மக சேர்லேர்ந்து பாதி எழுந்துட்டா.

"விளக்கை அணைச்சிடாத கண்ணு"ன்னு அவர் ஆரம்பிக்கறதுக்குள்ள மொத்த ஹாலும் சேர்ந்துக்கிச்சு. அந்தச் சின்ன இருமலைக்கூட எல்லாரும் ஒண்ணா இருமினாங்க. வாசல் இருட்டா இருக்கக் கூடாதுன்னு முடிச்சுட்டு ரீடேக் தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தார். கைத்தட்டல்ல கூரை போகாத குறை.

பக்கத்துல அப்பாவோட பழைய மேக்கப்காரர் உக்காந்திருந்தார். அவர்கிட்ட மெதுவா, இது எந்தப் படம்னு கேட்டா. அவர் ஆச்சரியமா பார்த்தார். இதைத் தெரியாதவங்களும் இருக்காங்களா, நீ பொறக்கறதுக்கு முன்னாடியே வந்த படம், அப்பாவைத் தூக்கி நிறுத்தினதே இந்த வசனம்தானேன்னார்.

"கடைசியில ஏன் சுவரைப் பார்க்கறார்?"

"சொன்னா சிரிப்பே. அது நடிப்பே இல்லம்மா. வசனம் முடிஞ்சதும் டைரக்டர் ஓகே சொல்றாரான்னு பார்ப்பார் உங்கப்பா. கடைசி வரைக்கும் விடாத பழக்கம். அந்தப் படத்துல அதை வெட்டாம விட்டுட்டாங்க, ஜனங்க சாவையே நேர்ல பார்க்கறார்னு நினைச்சு அழுதாங்க. ஓகே காதுல விழற வரைக்கும் பாவம், மூச்சைக்கூட விட மாட்டார்."

அதுக்குள்ள இவளை மைக் முன்னாடி கூப்பிட்டாங்க. வாயைத் திறக்கறதுக்குள்ள ரீடேக்கே முன்னாடி வந்து, ஐயா கடைசியா என்ன சொன்னார் தங்கச்சி, என்ன சொன்னார்னு கேட்டார். அத்தனை முகமும் ஏங்கிப் போய் இவளையே பார்க்குது. இவ வீட்டுக்காரரைத் தேடினா. கடைசி வரிசைக்குப் பின்னாடி நின்னுக்கிட்டிருந்தவர், கண்ணைத் தரையில போட்டுக்கிட்டார். அப்பதான் உறைச்சுது. ஃபிளாஸ்க்கோட நின்னவருக்கும் தெரியும். கையைத் தட்டிக் கொடுத்தவங்க அத்தனை பேருக்கும் தெரியும்.

"தண்ணி கேட்டார்"னு சொன்னா.

த்சுன்னு ஒரு சத்தம் ஹால் முழுக்க. யாரோ ஒருத்தர், வசனம் எழுதிக் கொடுக்க அங்க ஆள் இல்லையேப்பான்னார். கண்ணைத் துடைச்சுக்கிட்டே சிரிச்சாங்க எல்லாரும். இவளும் சிரிச்சு வெச்சா.

ரெண்டு பேரும் வீட்டுக்குத் திரும்பி நடந்தாங்க. தெரு முனையிலதான் கேட்டா.

"சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படிச் சொல்றது? உன் முகம் அன்னிக்கு இருந்த இருப்புல எப்படிச் சொல்றது?"

மாடிப்படி ஏறினா, கதவுக்கு மேல பல்பு எரிஞ்சுக்கிட்டிருக்கு. அதைச் சுத்திப் பூச்சி. இவ அப்படியே நின்னுட்டா. பெத்த மகளைப் பார்த்துச் சொன்னாரோ, எவளோ ஒரு ஹீரோயின்னு நினைச்சுச் சொன்னாரோ, இனிமே யாரைப் போய்க் கேக்கறது? தனக்குன்னு சொல்ல ஒரு வார்த்தை இல்லாம, இருக்கறதுலயே நல்லதா ஒண்ணை எடுத்துக் கொடுத்தாரோ என்னமோ. எதுவா இருந்தாலும், சொல்லி முடிச்சுட்டு ஒரு ஓகேக்காகக் காத்துக்கிட்டிருந்தார். அதைச் சொல்ல அந்த ரூம்ல இருந்தது இவ ஒருத்திதான். இவ முதுகைக் காட்டிக்கிட்டு சலைன் ஸ்டாண்டைப் பார்த்துக்கிட்டு நின்னா.

இப்பவாவது அந்த ஓகேயைச் சொல்லிடலாம்னு வாயைத் திறந்தா. பல்பைப் பார்த்து மறுபடி மூடிக்கிட்டா.

அணைச்சிடவான்னு வீட்டுக்காரர் கேட்டார். தலையாட்டினா. படிக்கட்டுச் சுவத்துல இருந்த ஸ்விட்சை அவர் தட்டினார். சாவியை வெளிய எடுக்கறதுக்கு முன்னாடியே தட்டிட்டார் பாருங்க. பூட்டு எங்க இருக்குன்னு தெரியாம ரெண்டு பேரும் கும்மிருட்டுல கதவைத் தடவிக்கிட்டு ரொம்ப நேரம் நின்னாங்க. மறுபடி போடுன்னு அவளும் சொல்லலை, போடவான்னு அவரும் கேக்கலை.

அவ்வளவுதாங்க. உங்க வீட்லேர்ந்து போனவங்க கடைசியா என்ன சொல்லிட்டுப் போனாங்க? கீழ எழுதுங்க, நான் ஒண்ணு விடாம படிப்பேன். பெரிய வார்த்தையா இருக்கணும்னு இல்ல. தண்ணி கேட்டிருந்தாலும் சரிதான்.