பேருக்குத் தோடு போட்டாச்சு

வங்கிப் பெண் திரையைத் திருப்பிக் காட்டினாள். புருல் அக்காவின் பெயரில், அக்கா ஒருநாளும் திறந்து பார்க்காத ஒரு ஃபிரிட்ஜ் இருந்தது.

அது கோச்கோர் கிராமத்தில் எங்கள் தாய்மாமா வீட்டில் நிற்கிறது. மாமா மகனின் கல்யாணத்துக்காக அக்கா தன் பெயரில் தவணைக்கு எடுத்துக் கொடுத்தது. மாமா ஆடு விற்றால்தான் தவணை கட்டுவார். நான்கு முறை தாமதம்.

எங்கள் கிர்கிஸ் மக்களிடையே ஒருவருக்கு வங்கியில் நல்ல பெயர் இருந்தால், அது வீட்டு வாசலில் கார் நிற்பதைப் போல. சொந்தக்காரர்கள் எல்லோரும் ஏறிக்கொள்வார்கள்.

அக்கா பிஷ்கேக்கில் குளிர்ச்சட்டை தைக்கும் பட்டறையில் வேலை பார்க்கிறாள். அவளும் அவள் மகளும் நானும் இருந்தது ஏழாவது வாடகை அறை. இந்த முறை இரண்டு அறை வீடு ஒன்றுக்குக் கடன் கேட்கப் போயிருந்தாள். ஃபிரிட்ஜ் கடனை முடித்து, தனக்காக எடுத்திருந்த தையல் மிஷின் தவணையை ஆறு மாதம் நாள் தவறாமல் கட்டி, புதிதாக எதிலும் கையெழுத்துப் போடாமல் செப்டம்பரில் வரச் சொன்னாள் வங்கிப் பெண்.

மாமாவிடம் பணம் கேட்க முடியாது. அப்பா இறந்த குளிர்காலத்தில் எங்களுக்கு நிலக்கரி ஏற்றி வந்தவர் அவர். நானாக இருந்தால் அழுதிருப்பேன். அக்கா கூடுதலாகச் சட்டைகள் தைத்தாள்.

மே மாதம் மாமா பேரனுக்குத் தொட்டில் விருந்து. ஒவ்வொருவரும் எழுந்து வாழ்த்துச் சொல்லிப் பணம் வைப்பார்கள். அக்கா ஒரு தாளை வைத்தாள். இவ்வளவுதானா என்று அத்தையின் முகமே கேட்டது.

"மாமா, ஃபிரிட்ஜுக்கு மிச்சம் இருந்ததைக் கட்டிட்டேன். இது கடை கொடுத்த ரசீது. இனி அது முழுசா உங்களுது. குழந்தைக்கு என் மொய் இதுதான்."

மாமா தன் கல்பாக் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.  பிறகு தன் தட்டிலிருந்த நல்ல இறைச்சித் துண்டை எடுத்து அக்காவிடம் நீட்டினார். யாருக்கும் தலைகுனிவு இல்லாமல் ஒரு கடனை முடிக்க முடியும் என்று அன்றுதான் பார்த்தேன்.

ஆகஸ்டில் அத்தையே பிஷ்கேக் வந்தாள். இளைய மகனுக்கு ஒரு போன் வேண்டுமாம். மூன்று கோப்பைத் தேநீர் குடித்த பிறகுதான் வாய் திறந்தாள்.

"ஒரே ஒரு போன் தாண்டி. ஆறு மாசத் தவணை. உன் பேர்ல எடுத்தா ஆகாதா?"

 ஒரு கையெழுத்து விழுந்தால் வீடு போய்விடும். அக்கா நான்காவது கோப்பையை ஊற்றினாள்.

"என் பேருக்குத் தோடு போட்டாச்சு அத்தை. ஒரு வீடு வந்து நிச்சயம் பண்ணிட்டுப் போயிருக்கு."

எங்கள் வழக்கத்தில் ஒரு பெண்ணுக்குத் தோடு போட்டுவிட்டால் வேறு யாரும் பெண் கேட்டு வரமாட்டார்கள். அத்தை அக்காவையே பார்த்தாள். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"கிழவிகிட்டயே சம்பந்தம் பேசுறியா? எத்தனை அறை மாப்பிள்ளை?"

"ரெண்டு."

போன் பேச்சு அதோடு நின்றது. அத்தை போய்ச் சொன்னதில், அதன்பிறகு வேறு உறவினர்களும் கேட்கவில்லை.

செப்டம்பரில் அதே வங்கிப் பெண் திரையைத் திருப்பினாள். தையல் மிஷின் மட்டும் இருந்தது. ஆறு தவணை, ஆறும் நாள் தவறாமல். அடுத்த வாரம் கடன் கிடைத்தது.

வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு வெளியே வந்ததும் மாமா போன் செய்தார்.

"என்னம்மா, பொண்ணு மாப்பிள்ளை வீட்டுக்குப் போயாச்சா?"

"சாவி கையில இருக்கு மாமா," என்றாள் அக்கா. அப்போதுதான் அவள் அழுதாள்.