புகாரிலும் அதே நம்பர்

1.
இந்தக் கதை ஒரு பயத்தில் பிறந்தது. பயந்தவள் நான் இல்லை, இனியா. வேங்கிக்காலில் இருக்கிறாள், பிளஸ் டூ படிக்கிறாள். நான் அவளைப் பற்றி எழுதுகிறவள், அவ்வளவுதான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நாளைக்கு யாராவது கேட்டால் காட்டலாம்.

முதலில் எழுதிய தொடக்கம்: "அண்ணாமலையின் மேல் பௌர்ணமி நிலா பாலைப் பொழிந்த அந்த..." வேண்டாம். எங்கள் ஊரில் கதை எழுத உட்காருகிற எல்லோருக்கும் இந்த நிலா இலவசம்.

இரண்டாவது: "இனியா ஒரு கம்ப்யூட்டர் நிரல் எழுதினாள்." இது பரவாயில்லை.

2.
அதற்கு மோப்பம் என்று பெயர் வைத்தாள். ஓர் இணையதளத்தின் முகவரியைக் கொடுத்தால் போதும். அதைப் பதிவு செய்தது யார், என்றைக்கு, எந்த மெயில், எந்த போன் நம்பர், அந்த நம்பர் வேறு எங்கெல்லாம் கிடக்கிறது என்று தானாகவே தேடி, ஒரு பக்க அறிக்கையாகக் கொண்டுவந்து வைக்கும். எந்தப் பூட்டையும் உடைக்காது. திறந்து கிடப்பதை மட்டும் பொறுக்கும்.

(கதை எழுதுகிறவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். ஆனால் மோப்பம் கையிலிருந்து எதையும் சேர்க்காது.)

3.
போன பௌர்ணமிக்குக் கிரிவலம் சுற்ற காசியம்மாள் என்று ஒருவர் விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்தார். இணையத்தில் அறை பதிந்த ரசீதை வைத்துக்கொண்டு அடி அண்ணாமலை முழுக்க அலைந்திருக்கிறார். ரசீதில் இருந்த முகவரியில் லாட்ஜ் இல்லை. கடலைக்கொல்லைதான் இருந்தது. கடைசியில் மனு எழுதித்தர ஆள் தேடி, இனியாவின் அப்பா மூர்த்தி வைத்திருக்கும் ஜெராக்ஸ் கடைக்கு வந்து சேர்ந்தார். மூர்த்தி நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, காசு வாங்காமல் மனுவை அடித்துக் கொடுத்தார்.

"இவனுங்கள எல்லாம் புடிச்சி உள்ள போடணும்மா," என்றார்.

கடையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த இனியாவுக்கு அப்பாவை நினைத்துப் பெருமையாக இருந்தது. அந்த ரசீதில் இருந்த தளத்தின் முகவரியைக் குறித்துக்கொண்டு, சாயங்காலமே மோப்பத்தை ஏவினாள். அறிக்கை முடிந்ததும் அதைப் புகாராக சைபர் கிரைம் போலீஸுக்குத் தானே அனுப்பிவிடும்படி ஒரு வரி சேர்த்திருந்தாள். மொத்த நிரலில் அவளுக்கு ரொம்பப் பிடித்த வரி அது. ஏவிவிட்டு தோசை சாப்பிடப் போனாள். திரும்பி வருவதற்குள் புகார் போயிருந்தது. அதற்கப்புறம்தான் படித்தாள்.

4.
தளத்தைப் பதிவு செய்தவரின் போன் நம்பர் அப்பாவுடையது.

பதறாதீர்கள். இனியா நிறையவே பதறிவிட்டாள். எங்கள் பக்கம் பாதிப் பேருக்கு மெயில் கிடையாது. பட்டா, ரேஷன் கார்டு, பரீட்சை, எந்த விண்ணப்பமானாலும் மூர்த்தி தன் நம்பரையும் கடை மெயிலையும்தான் போடுவார். ஓடிபி அவருக்கே வரும், வேலை சீக்கிரம் முடியும். அப்படி எவனோ ஒருவன் தளம் ஆரம்பிக்க வந்திருப்பான். பழக்கத்தில் போட்டிருப்பார். போட்டிருப்பார்தானே?

அவர் மகளுக்கும் அதே பழக்கம். புகார் அனுப்புகிறவரின் விவரம் என்ற இடத்தில் கடை மெயிலும் அப்பா நம்பரும்தான் இருந்தன. புகார் கொடுத்தவருக்கும் புகாரில் சிக்கியவருக்கும் ஒரே நம்பர். போலீஸ் வரலாற்றிலேயே... இல்லை, இந்த வாக்கியத்தை விட்டுவிடுகிறேன். சிரிப்பு வரவில்லை.

(இங்கே ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். அந்தத் தளத்தில் 'மலை தெரியும் அறை' என்று போட்டிருந்த படம் இனியா வீட்டு மொட்டைமாடியில் எடுத்தது, மூலையில் மூடி உடைந்த தண்ணீர்த் தொட்டி தெரிகிறது என்று. விறுவிறுப்புக்காகச் சேர்த்தது. நிஜமில்லை.)

5.
இன்றைக்கு போலீஸிலிருந்து மூர்த்திக்கு போன் வந்தது. நாளை காலை பத்து மணிக்கு வரச் சொன்னார்களாம். கடையைப் பூட்டிவிட்டு வந்தவர், சாப்பிடாமல் இனியாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். புகார் கடை மெயிலிலிருந்தே போயிருக்கிறதாம், கடைக்கு வந்து போகிற எவனோதான் செய்திருக்கிறான் என்றார்.

"பாப்பா, நீ ஏதோ தேடுற மிஷின் பண்ணி வச்சிருக்கியே. அதுல கொஞ்சம் பாத்துச் சொல்லேன். யாரு என்னை மாட்டி வுட்டதுனு."

"அந்த வெப்சைட்ட யாருக்குப்பா போட்டுக் குடுத்த?"

"தெனம் நூறு பேரு வரான். எல்லாம் ஞாபகம் இருக்குமா?" கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். "நான் அத கேக்கலியே. புகார் குடுத்தது யாருனுதான கேட்டேன்."

"சரிப்பா. பாக்கறேன்."

6.
முடிவு ஒன்று: இனியா உண்மையைச் சொல்கிறாள். அப்பா சிரித்து, தலையில் ஒரு தட்டு தட்டிவிட்டு, கடை நோட்டோடு போலீஸுக்குப் போகிறார். நோட்டில் அந்த ஆளின் பெயர் இருக்கிறது. மதியம் எல்லோருக்கும் பிரியாணி. இது அம்மாவுக்காக எழுதிய முடிவு.

முடிவு இரண்டு: இனியா மோப்பத்தை அழித்துவிடுகிறாள். நிரல் போய்விடும். போன மெயில் திரும்பி வராது.

முடிவு மூன்று: அப்பா அந்த ஆளிடம் ஒருவேளை...

7.
நான்காம் பகுதியில் அடைப்புக்குறிக்குள் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். தொட்டி நிஜம். அந்தப் படத்தை எடுத்தது நான்தான். அப்பா கேட்டார் என்று எடுத்து, அவருக்கு மட்டும்தான் அனுப்பினேன். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் வைத்து, அங்கிருந்து யாராவது எடுத்திருக்கலாம். வைத்த மாதிரி எனக்கு ஞாபகமில்லை.

மணி ஒன்றரை ஆகிறது. பக்கத்து அறையில் அப்பாவும் தூங்கவில்லை, கட்டில் சத்தம் கேட்கிறது. விடிந்ததும் "கெடச்சுதா பாப்பா?" என்று கேட்பார். இனி நான் தேடப்போவதில்லை. உங்களிடம் எல்லாமே இருக்கிறது. ஊர், கடை, படம், தொட்டி, எல்லாம் திறந்துதான் கிடக்கிறது. பொறுக்கி, அறிக்கையை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

எழுதியதைக் கடை மெயிலுக்கு மட்டும் அனுப்பிவிடாதீர்கள்.