ஒரே கட்டையில் இரண்டு

எங்கள் ஆய்வுக்கூடத்தில் பூஞ்சை மாதிரிகள் வைக்கும் அறையின் கதவு, சாத்தினால் உள்ளிருந்து திறக்காது. கைப்பிடி உடைந்து வருஷமாகிறது. உள்ளே மாட்டிக்கொண்டவர் தட்ட வேண்டும், வெளியே போகிறவர் மனம் இரங்க வேண்டும். அந்த அறையில்தான் ஆறாவது வருஷமாக, பட்ட மரத்தைத் தின்னும் பூஞ்சைகளோடு குப்பை கொட்டிக்கொண்டிருக்கிறேன். கணவரும் நாலு வயது மகளும் வேறு ஊரில். அங்கே எனக்கு ஒரு வேலையும் தயார். டாக்டர் பட்டம் வந்தால் போய்ச் சேரலாம். என் ஆராய்ச்சி கைடு கையெழுத்துப் போட்டால்தான் பட்டம். புது இனம் ஒன்றைக் கண்டுபிடித்து, அது ஆராய்ச்சி ஜர்னலில் வந்தால்தான் கையெழுத்து.

அந்தப் புது இனமும் கடைசியில் வாய்த்தது. உள்ளங்கை அகலத்தில், அழுகிய கட்டையிலிருந்து தட்டு போல நீட்டிக்கொண்டிருந்த பழுப்புப் பூஞ்சை. அதன் டி.என்.ஏ. உலகத்தில் பதிவான எதனோடும் ஒட்டவில்லை. ஆனால் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் அதன் வித்துகள், ஊரறிந்த ஒரு பழைய குடும்பத்தின் ஜாடையிலேயே இருந்தன.

"ரெண்டும் ஒத்துப்போகலையே சார்" என்றேன்.

"ஒத்துப்போகலைன்னாதானே புதுசு!" என்றார் கைடு. அதற்கு என் பெயரையே வைத்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஜர்னலும் ஏற்றுக்கொண்டது. அம்மா போனில், "ஊர்ல பேரன் பேத்திக்குப் பேரு வைப்பாங்க. உன் பேரைப் போயும் போயும் அழுகின கட்டைக்கா வச்சாங்க?" என்று சிரித்தாள்.

இன்று காலை ஜர்னல் கடைசியாக ஒரு படம் கேட்டது, வெட்டுமுகம் தெரிய. மாதிரியை மேலிருந்து கீழாக பிளேடால் நறுக்கினேன். நடுவில் மெல்லிய கறுப்புக் கோடு. கோட்டுக்கு மேலே காய்ந்து செத்த சதை. கீழே, துளைகளோடு, இளம் சதை. அது ஒரே பூஞ்சை இல்லை. செத்த ஒன்றின் அடிவயிற்றில் இன்னொன்று ஒட்டி வளர்ந்திருக்கிறது. வித்து எடுத்தது கீழே இருப்பதிலிருந்து. டி.என்.ஏ.வுக்காகக் கைடு தன் கையாலேயே கிள்ளிய குழி, மேலே இருந்தது. ஒருத்தன் தலையை இன்னொருத்தன் உடம்பில் ஒட்டி, அதற்கு என் பெயரை வைத்திருக்கிறோம்!

கைடை அழைத்துவந்தேன். அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"அந்தக் கோடுதானே?"

"சார்... உங்களுக்குத் தெரியுமா?"

"கிள்ளினப்பவே தட்டுப்பட்டுச்சு. மேல இருக்கறது புதுசுதான்மா, வித்துதான் இல்ல. செத்ததுக்கு வித்து எங்க போய்த் தேட? இன்னொரு மழைக்காலம் முழுக்க காட்டுல அலையணும். அதுவரைக்கும் உன் பொண்ணுக்கு உன் முகம் ஞாபகம் இருக்குமா?"

"அப்போ என் பேரை வச்சது?"

"உன் நல்லதுக்குதான். யாரு போய் வெட்டிப் பாக்கப்போறாங்க? வெளிய சொல்லணும்னா தாராளமா சொல்லு. பூஞ்சைக்கு உன் பேரு, கட்டுரையில முதல் பேரும் உன்னுது. நாறப்போறது யாரு?"

குரலில் கோபமே இல்லை. அதனால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாவி மனுஷன், மாலை போடுகிற மாதிரியே சுருக்கு மாட்டியிருக்கிறான்.

"சாயங்காலத்துக்குள்ள படத்தை அனுப்பிடு. கோடு தெரியாத பக்கமா எடு. நாளைக்குக் கையெழுத்து" என்றபடி போனார். பழக்கதோஷத்தில் கதவையும் சாத்திவிட்டார்.

வழக்கமாக உடனே தட்டுவேன். இன்று தட்டவில்லை. மாதிரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வெட்டின ஓரத்தில் கோடு மங்கி, தெரியாத பக்கம் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதைப் படமும் எடுத்துவிட்டேன். அழகாக வந்து தொலைந்தது, சனியன்.

போன் அடித்தது. மகள்.

"அம்மா, உனக்கு அலமாரியில இடம் ஒதுக்கிட்டோம். என் சட்டையெல்லாம் கீழ போயிடுச்சு. எப்போ வர்றே?"

மாதிரியைத் திருப்பி, அந்தக் கறுப்புக் கோட்டைப் பார்த்தேன்.

"கொஞ்சம் லேட்டாகும்டி கண்ணு."

"நீ எப்பவும் இதையேதான் சொல்றே." வைத்துவிட்டாள்.

படத்தை அழித்தேன். கோடு பளிச்சென்று தெரியும்படி மாதிரியை வைத்து மறுபடி எடுத்தேன். 'இது இரண்டு பூஞ்சை' என்று ஒரு வரி சேர்த்து ஜர்னலுக்கு அனுப்பினேன். பிறகு எழுந்து போய்க் கதவைத் தட்டினேன். யாரும் திறக்கவில்லை.