இடது கண்ணில் மாப்பிள்ளை

மாதங்கியின் இடது கண்ணுக்குள் செல்வின் குடிபோய் மூன்று நாளாகிறது. அவள் கண்ணை லென்ஸுக்கு அளவெடுத்தபோது கருவிக்கு நேர் எதிரே, போகச் சொல்லியும் போகாமல் நின்றான். கருவி அவனையும் சேர்த்து அளந்துவிட்டது. வலது கண்ணின் வளைவு ஏழு புள்ளி எட்டு மில்லிமீட்டர். இடது கண்ணுக்கும் அதே ஏழு புள்ளி எட்டு, கூடவே ஒரு மீசை.

அவனுக்குச் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. குரலும் நன்றாகவே கேட்டது. ஆனால் தன் கண்ணுக்குள் இருப்பவனை அவளால் மட்டும் பார்க்க முடியவில்லை. கண்ணாடியில் பார்த்தால் கலங்கலாக ஒரு புள்ளி. ஊரே எட்டிப் பார்த்து, "ஆள் நல்லாத்தான் இருக்கான்" என்று சொல்லிவிட்டுப் போனது. அவளுக்குப் பொறாமையாக இருந்தது.

ஐந்து மணிக்குள் கல்யாணத்தைப் பதிய வேண்டும். பதிவாளர் கடற்கரையாண்டி லென்ஸ் கடைக்கே பெரிய நோட்டோடு வந்து உட்கார்ந்துவிட்டார்.

"மாப்பிள்ளை இவர்தானான்னு பொண்ணு கண்ணால பாத்துச் சொல்லணும். அதான் சட்டம்."

லென்ஸ் பொருத்தும் உலகம்மாள் இரண்டு லென்ஸை மாட்டிக் கழற்றியாயிற்று. மூன்றாவதை மாட்டி, பச்சைச் சொட்டு விட்டு, நீல விளக்கை அடித்துப் பார்த்தாள். செல்வின் கணுக்காலளவு பச்சையில் நின்றுகொண்டிருந்தான்.

"விட்டம் சரி. வளைவும் சரி. ஆனா லென்ஸ் ஒட்டிக்கிட்டு நிக்கி. இமைச்சா அரை மில்லிமீட்டர் நகரணும். கண்ணுல தண்ணி பத்தலட்டி."

"அழுதா சரியாயிருமா அக்கா?"

"அழு."

மாதங்கிக்கு அழுகை வரவில்லை. மூன்று நாளாக அவ்வளவு சந்தோஷம். உலகம்மாள் தன் மாமியார் கதையைச் சொன்னாள். பதிவாளர் தேம்பித் தேம்பி அழுதார். ஆனால் லென்ஸ் போட வேண்டியவர் அவரில்லை.

மணி நாலு ஐம்பது.

"உள்ள என்ன செய்யுதிய?" என்று கேட்டாள் மாதங்கி.

"மாலை போட்டுட்டு நிக்கேன்" என்றான் செல்வின். "தரை ஒரே வளைவா இருக்கு. கால் நிக்க மாட்டேங்கி."

சொல்லி முடிப்பதற்குள் வழுக்கினான். மேலிருந்து கீழ்வரை மாலையோடு சறுக்கினான். எழுந்தான். மறுபடி சறுக்கினான். மாதங்கிக்குக் கண்ணுக்குள் கிச்சுகிச்சு மூட்டியது. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கண்ணீர் பொலபொலவென்று வந்தது.

"இமை!" என்று கத்தினாள் உலகம்மாள்.

இமைத்தாள். லென்ஸ் சரியாக அரை மில்லிமீட்டர் நகர்ந்து, திரும்ப வந்து உட்கார்ந்தது. கடையே கைதட்டியது.

உலகம்மாள் கைக்கண்ணாடியை நீட்டினாள். மாதங்கி பார்த்தாள். மீசையின் ஒவ்வொரு முடியும் தெரிந்தது. மூன்று நாள் தாடி. நெற்றியில் மல்லிகைப்பூ ஒன்று ஒட்டியிருந்தது. அவள் மனசு நிறைந்துபோயிற்று.

"இவர்தானாம்மா?"

"இவரேதான் சார்."

பதிவாளர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே எழுதினார். முத்திரை விழுந்தது.

"அப்ப நான் வெளிய வரட்டா?" என்றான் செல்வின்.

மாதங்கி கண்ணாடியை இன்னும் கிட்டத்தில் பிடித்துக்கொண்டாள்.

"செத்த நேரம் இருங்க. இன்னும் பாத்து முடியல."